செவ்வாயில் காத்திருக்கும் ஒரு பாறைத் துண்டு

1976 ஜூலை 20 அன்று செவ்வாயின் கிரைஸ் சமவெளியில் இறங்கிய நாசாவின் வைக்கிங் 1 விண்கலம், அந்த மாதம் முடிவதற்குள் அரை கன சென்டிமீட்டர் மண்ணை ஒரு சிறு அறைக்குள் இட்டு, அதன்மேல் ஊட்டக் கரைசலைத் துளியளவு விட்டுக் காத்திருந்தது. அந்தக் கரைசலில் ஃபார்மேட், கிளைசின், லாக்டேட் போன்ற எளிய கரிமப் பொருட்கள் கலந்திருந்தன. அவற்றில் கதிரியக்கம் உடைய கார்பன்-14 அணுக்கள் சேர்க்கப்பட்டிருந்தன. மண்ணில் நுண்ணுயிர் ஏதேனும் இருந்து அவற்றை உட்கொண்டால், அது வெளிவிடும் வாயுவில் அந்தக் கதிரியக்கம் தென்பட வேண்டும் என்பதே ஏற்பாடு. தென்பட்டது, அதுவும் வேகமாகவே உயர்ந்தது. அதே மண்ணின் இன்னொரு பகுதியை 160 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் சூடாக்கிய பின் கரைசலை விட்டபோது, வாயு ஏறக்குறைய வரவேயில்லை. உயிருள்ள மண் எப்படி நடந்துகொள்ளும் என்று கலம் பூமியை விட்டுப் புறப்படும் முன்பே வகுத்து வைத்திருந்தார்களோ, செவ்வாய் மண் அப்படியே நடந்துகொண்டது.

ஆனாலும் செவ்வாயில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டதாக அறிவியல் உலகம் ஏற்கவில்லை. அந்தத் தயக்கத்தின் காரணத்தைப் புரிந்துகொண்டால்தான், ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து இன்று ஒரு சிறு உலோகக் குழாய்க்குள் கிடக்கும் பாறைத் துண்டு ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதும் புரியும். எனவே வைக்கிங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

வைக்கிங் கலங்கள் இரண்டிலும் உயிர் தேடும் சோதனைகள் மூன்றும், அவற்றோடு மண்ணைச் சூடாக்கி அதிலிருந்து கிளம்பும் ஆவியை ஆராய்ந்து கரிமச் சேர்மங்களைத் தேடும் தனிக் கருவி ஒன்றும் இருந்தன. அந்தக் கருவி மண்ணை 500 டிகிரி வரை சூடாக்கியது. உயிர் இருந்தாலும், இருந்து மடிந்திருந்தாலும், அதன் உடற்கூறுகள் கரிமச் சேர்மங்களாக அங்கே தென்பட்டாக வேண்டும். கருவியில் தெரிந்தவையோ குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும் மட்டுமே. அவை பூமியில் கருவியைச் சுத்தம் செய்யப் பயன்பட்ட கரைப்பான்களின் மிச்சம் என்று கருதி ஒதுக்கிவிட்டார்கள். கரிமப் பொருளே இல்லாத மண்ணில் கரிமப் பொருளை உண்டு வாழும் உயிர் எப்படி இருக்க முடியும் என்ற கேள்விக்கு அன்று யாரிடமும் பதில் இல்லை. தவிர, கரைசலை இரண்டாவது முறை விட்டபோது வாயு மேலும் பெருகியிருக்க வேண்டும். மாறாக, ஏற்கெனவே வெளிவந்ததில் ஒரு பகுதி மீண்டும் மண்ணுக்குள்ளேயே போனது. வைக்கிங் ஆய்வாளர் நார்மன் ஹோரோவிட்ஸ் உள்ளிட்ட பெரும்பாலோர், மண்ணில் உள்ள கடுமையான ஆக்சிஜனேற்றிகள் கரைசலைச் சிதைத்ததே காரணம் என்றனர். அந்தச் சோதனையை வடிவமைத்த கில்பர்ட் லெவின் இதை இறுதிவரை ஒப்புக்கொள்ளவில்லை. 2021இல் இறக்கும் வரை, தன் சோதனை உயிரைக் கண்டது என்றே வாதாடினார்.

இந்த வாதத்தில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட, கேள்விகள் கேட்கப்பட்ட வரிசைதான் என்னை அதிகம் சிந்திக்க வைக்கிறது. ஒரு மண்ணின் வேதியியல் என்ன என்று அறியாமலேயே அதனிடம் உயிர் உண்டா என்று கேட்டுவிட்டோம். அதனால் கிடைத்த பதில் சரியா தவறா என்று சொல்லும் நிலையில்கூட நாம் இருக்கவில்லை. வைக்கிங்கை உருவாக்கியவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. 1970களின் தொழில்நுட்பத்தில் அவர்கள் சாதித்தது வியப்புக்குரியது. ஆனால் அந்தக் குழப்பத்தின் விலை பெரிது. வைக்கிங்குக்குப் பிறகு இன்னொரு கலம் செவ்வாய் மண்ணைத் தொட இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1997 ஜூலை 4 அன்று பாத்ஃபைண்டர் தரையிறங்கி, பத்தரைக் கிலோ எடையுள்ள சோஜர்னர் என்ற சிறு ஊர்தியை வெளியே விட்டபோதுதான் அந்த இடைவெளி முடிந்தது.

மண்ணின் வேதியியல் பிடிபட்டது 2008இல். அந்த ஆண்டு மே மாதம் செவ்வாயின் வட துருவத்தை ஒட்டிய சமவெளியில் இறங்கிய ஃபீனிக்ஸ், மண்ணைப் பூமியிலிருந்து கொண்டுபோன நீரில் கரைத்துப் பார்த்தது. அதில் பெர்குளோரேட் என்னும் உப்பு எடையளவில் ஏறத்தாழ அரை சதவீதம் இருந்தது. திட எரிபொருள் ராக்கெட்டுகளில் ஆக்சிஜன் தருவதற்காகக் கலக்கப்படும் அதே வகை உப்புதான் இது. குளிரில் சாதுவாகக் கிடக்கும். சூடு ஏறினால் ஆக்சிஜனை வெளிவிட்டு, அருகில் உள்ள கரிமப் பொருளை எரித்துவிடும். அதாவது, கரிமச் சேர்மங்களைத் தேடுவதற்காக வைக்கிங் செய்த சூடாக்கலே அவற்றை அழித்திருக்கக்கூடும். 2010இல் ரஃபேல் நவரோ-கொன்சாலெஸ் குழுவினர் சிலி நாட்டின் அடகாமா பாலைவன மண்ணில் மக்னீசியம் பெர்குளோரேட்டைக் கலந்து சூடாக்கிக் காட்டினார்கள். வெளிவந்தவை குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும். கரைப்பானின் மிச்சம் என்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒதுக்கப்பட்டிருந்தவை, செவ்வாயின் சொந்தக் கரிமப் பொருள் எரிந்ததற்கான அடையாளமாக இருக்கலாம் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

அதே உப்பு லெவினின் வாதத்தையும் பலவீனப்படுத்தியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அண்டவெளிக் கதிர்கள் பெர்குளோரேட்டைத் தாக்கும்போது ஹைப்போகுளோரைட் போன்ற பொருட்கள் உருவாகின்றன என்றும், அவை சூடாக்காமலேயே ஊட்டக் கரைசலைச் சிதைத்து வாயுவை வெளியிட வல்லவை என்றும் 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, ஒரே உப்பு ‘கரிமப் பொருள் இல்லை’ என்ற முடிவையும் ‘உயிர் உண்டு’ என்ற முடிவையும் ஒருசேர அசைத்துவிட்டது. அறிவியலில் இதைப் போன்ற தருணங்கள்மீது எனக்குத் தனி ஈர்ப்பு உண்டு. எவருடைய கட்சியிலும் சேராத ஒரு சாட்சி வந்து, இரு தரப்பும் பேசியதை மீண்டும் முதலிலிருந்து பேச வைக்கிறது.

இடைப்பட்ட ஆண்டுகளில் நாசா உயிரை நேரடியாகத் தேடுவதை விட்டு, நீரின் தடத்தைப் பின்தொடர்ந்தது. 2004இல் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகள் நீரில் உருவாகும் கனிமங்களைக் கண்டன. ஆப்பர்ச்சூனிட்டி கண்ட நீர் பெரும்பாலும் அமிலமும் உப்பும் மிகுந்தது. எளிதில் உயிர் தழைக்கும் நீர் என்று அதைச் சொல்ல முடியாது. நிலைமையை மாற்றியது 2012 ஆகஸ்டில் கேல் பள்ளத்தில் இறங்கிய கியூரியாசிட்டி. 2013 பிப்ரவரியில் அது யெல்லோநைஃப் விரிகுடா என்று பெயரிடப்பட்ட தாழ்வான பகுதியில், 1.6 சென்டிமீட்டர் அகலமும் 6.4 சென்டிமீட்டர் ஆழமும் உடைய துளையைச் சேற்றுப்பாறையில் இட்டது. மேலே எங்கும் துருவின் செந்நிறம். துளையிலிருந்து வெளிவந்த தூளோ சாம்பல் நிறம். அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்கு உண்டான பரவசம் இன்னும் குறையவில்லை. நாம் அறிந்த செங்கோள் என்பது மேற்பூச்சு மட்டுமே; அதற்குச் சில மில்லிமீட்டர் கீழே, ஆக்சிஜனேற்றம் முழுவதும் எட்டாத பாறை அதன் பழைய நிலையின் சாயலோடு கிடந்தது. ஆராய்ந்து பார்த்ததில், அது ஏறக்குறைய நடுநிலையான, உப்பு குறைந்த ஏரி நீரின் அடியில் படிந்த சேறு என்றும், உயிருக்கு வேண்டிய கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ், கந்தகம் ஆகிய தனிமங்கள் அதில் இருந்தன என்றும் தெரிந்தது.

அதே பகுதியில் கம்பர்லேண்ட் என்று பெயரிட்ட இடத்தில் எடுத்த தூளில் 2014இல் குளோரோபென்சீனும், பின்னர் 2025இல் டெக்கேன், அன்டெக்கேன், டோடெக்கேன் என்னும் பத்து முதல் பன்னிரண்டு கார்பன் அணுக்கள் கோத்த நீள் சங்கிலிகளும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அந்தச் சங்கிலிகள் கொழுப்பு அமிலங்களின் துண்டுகளாக இருக்கலாம், உயிரின்றியும் உருவாகலாம். இந்தப் பாறையில் இன்னொரு செய்தியும் பொதிந்திருந்தது. அதில் சிறைப்பட்டிருந்த மந்த வாயுக்களை அளந்து, அது வெட்டவெளிக்கு வந்து ஏறத்தாழ 8 கோடி ஆண்டுகளே ஆகின்றன என்று கணக்கிட்டார்கள். பாறையின் வயதோ முந்நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல். அண்டவெளிக் கதிர்கள் மேல் ஓரிரு மீட்டர் ஆழத்துக்குள் உள்ள கரிமப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்துவிடும் என்பதால், காற்று அரித்து அண்மையில் வெளிப்பட்ட பாறைமுகங்களைத் தேடிப் போக வேண்டும் என்பதை இந்த அளவீடு கற்றுத்தந்தது.

மீத்தேன் விவகாரத்தை நான் சுருக்கமாகவே தொடுகிறேன், ஏனெனில் அது இன்னும் தெளியவில்லை. கேல் பள்ளத்தில் பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் மிகச் சிறிய அளவு மீத்தேனைக் கியூரியாசிட்டி பதிவு செய்தது. ஐரோப்பாவின் சுற்றுகலன் அதைவிட நுட்பமாக வளிமண்டலத்தைத் துழாவியும் எதையும் காணவில்லை. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யானும் மீத்தேன் உணரி ஒன்றைச் சுமந்து சென்றது; ஆயினும் மீத்தேனைத் தனியே பிரித்தறிய அந்தக் கருவியால் இயலவில்லை, அதன் தரவு செவ்வாய்ப் பரப்பின் ஒளி எதிரொளிப்பை வரைபடமாக்கப் பயன்பட்டது. மயில்சாமி அண்ணாதுரை முன்னணிப் பொறுப்பு வகித்த அந்தப் பயணத்தின் பொறியியல் வெற்றியை நான் பெரிதும் மதிக்கிறேன். இருந்தாலும் உயிர் பற்றிய கேள்விக்கு வளிமண்டலத்தைவிடப் பாறையே நம்பகமான சாட்சி என்பது என் கருத்து. காற்றில் கலந்தது கலைந்துபோகும், பாறையில் படிந்தது நிற்கும்.

அப்படி நின்ற ஒன்றைத்தான் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி கண்டது. 2021 பிப்ரவரி 18 அன்று அது இறங்கிய ஜெஸிரோ பள்ளம் 45 கிலோமீட்டர் அகலம் உடையது. முன்னொரு காலத்தில் ஆறு ஒன்று அதன் விளிம்பை உடைத்துப் புகுந்து, ஏரியாக நிரப்பி, கழிமுக வண்டலை விசிறிபோலப் பரப்பியிருப்பது சுற்றுகலன்களின் படங்களிலேயே தெளிவாகத் தெரியும். நெரெட்வா என்று பெயரிட்ட அந்த ஆற்றுப் படுகையில், 2024 ஜூலையில், ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமும் அறுபது சென்டிமீட்டர் அகலமும் உடைய, அம்புமுனை வடிவப் பாறையின்முன் ஊர்தி நின்றது. கிராண்ட் கேன்யனில் உள்ள ஓர் அருவியின் பெயரால் அதை செயாவா ஃபால்ஸ் என்று அழைத்தார்கள்.

அந்தப் பாறையை நெருங்கிப் பார்ப்போம். அதன் குறுக்கே வெள்ளையான கால்சியம் சல்ஃபேட் நரம்புகள் ஓடுகின்றன. நீர் பாறைக்குள் ஊடுருவிச் சென்றதன் தடம் அது. நரம்புகளுக்கு இடையே செந்நிறச் சேற்றுப்பாறை. அதில் மில்லிமீட்டர் அளவிலான வெளிறிய புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் கரிய விளிம்பு. சிறுத்தைப் புள்ளிகள் என்று ஆய்வாளர்கள் இவற்றுக்குப் பெயரிட்டார்கள். இவற்றோடு கசகசா அளவில் தனித்தனிக் கரும்பொட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. ஊர்தியின் கரத்தில் உள்ள எக்ஸ் கதிர்க் கருவி அந்த விளிம்புகளைப் புள்ளி புள்ளியாக வருடி, அங்கே இரும்பும் பாஸ்பரஸும் சேர்ந்திருப்பதைக் காட்டியது. விவியனைட் என்ற இரும்பு பாஸ்பேட் கனிமத்தோடு அது ஒத்துப்போகிறது. வெளிறிய நடுப்பகுதியில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கிரைகைட் இருப்பதற்கான அறிகுறி தென்பட்டது. அதே சேற்றுப்பாறைத் தொகுதியில் கரிமப் பொருளின் அடையாளத்தை லேசர் கருவி பதிவு செய்தது. ஜோயல் ஹுரோவிட்ஸ் தலைமையிலான குழு இவற்றை 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டு, உயிர்ச்சுவடாக இருக்கக்கூடியது என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது.

இந்தப் புள்ளிகள் ஏன் கவனத்தை ஈர்க்கின்றன என்பதற்குப் பின்னால் எளிய வேதியியல் இருக்கிறது. துருப்பிடித்த இரும்புக்கும் சல்ஃபேட்டுக்கும் எலக்ட்ரான்களைக் கொடுத்தால், முன்னது விவியனைட்டில் உள்ள வகை இரும்பாகவும் பின்னது சல்ஃபைடாகவும் மாறும். செந்நிறமும் அங்கே வெளிறிப்போகும். பூமியில் ஏரிகளின், கடல்களின் அடிச்சேற்றில் நுண்ணுயிர்கள் கரிமப் பொருளை உண்டு, அந்த எலக்ட்ரான்களை இரும்புக்கும் சல்ஃபேட்டுக்கும் தள்ளிவிட்டே பிழைக்கின்றன. இவ்விரு கனிமங்களும் அவற்றின் வாழ்க்கையின் கழிவுகள். உயிரில்லாமலும் இவை உருவாகலாம். ஆனால் உயிரின் உதவியின்றிச் சல்ஃபேட் சல்ஃபைடாக மாற நல்ல வெப்பம் வேண்டும்; இந்தப் பாறை அப்படிச் சூடானதற்கான தடயம் எதுவும் காணப்படவில்லை. இரும்பைப் பொறுத்தவரை, குறைந்த வெப்பத்திலேயே கரிமப் பொருள் தானாக வினைபுரிந்து அதை மாற்ற வழியுண்டு. ஆகவே வழக்கு இன்னும் முடியவில்லை. ஆய்வுக் கட்டுரையும் அப்படியே சொல்கிறது.

பெர்சிவியரன்ஸ் தொடர்ந்து ஆராய்ந்து இதைத் தீர்க்கக் கூடாதா என்று கேட்கலாம். முடியாது, அதற்காக அது உருவாக்கப்படவே இல்லை. கியூரியாசிட்டியின் வயிற்றில் இருப்பதைப் போல மண்ணைச் சூடாக்கும் அடுப்பும் வாயுவைப் பகுக்கும் ஆய்வகமும் பெர்சிவியரன்ஸில் கிடையாது. அந்த இடத்தில், பாறையைத் துளைத்து, சுண்ணாம்புக்கோல் போன்ற ஒரு துண்டை எடுத்து, குழாயில் இட்டு, காற்றுப் புகாமல் அடைக்கும் ஏற்பாடு இருக்கிறது. மொத்தம் 43 குழாய்கள். செயாவா ஃபால்ஸிலிருந்து எடுத்த துண்டுக்கு சஃபயர் கேன்யன் என்று பெயர்; அது இப்போது ஊர்திக்குள்ளேயே இருக்கிறது. இந்தப் பயணத்தின் இரண்டாம் பாதி பூமியின் ஆய்வகங்களில் நடக்க வேண்டும் என்ற நம்பிக்கையின்மேல்தான் அதன் முதல் பாதி வடிவமைக்கப்பட்டது.

அந்த இரண்டாம் பாதிதான் இன்று கேள்விக்குறியாகி நிற்கிறது. மாதிரிகளைப் பூமிக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு 1,100 கோடி டாலர் வரை செலவாகும், 2040க்கு முன் அவை வந்து சேராது என்ற மதிப்பீட்டை ஏற்க முடியாது என்று 2024 ஏப்ரலில் நாசாவே அறிவித்து மாற்று வழிகளைக் கேட்டது. 2026 நிதியாண்டுக்கான வெள்ளை மாளிகையின் முன்மொழிவு அத்திட்டத்தைக் கைவிடச் சொன்னது. 2026 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒப்புக்கொண்ட ஒதுக்கீடும் திட்டத்தை அதன் தற்போதைய வடிவில் தொடர ஆதரவு தரவில்லை. செலவு மலைக்க வைக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் படிப்படியாகக் கேள்வியைச் செப்பனிட்டு, சரியான இடத்தையும் சரியான பாறையையும் கண்டடைந்து, துண்டை எடுத்து முத்திரையிட்டு வைத்த பிறகு அதை அங்கேயே விட்டுவிடுவது எனக்குப் பெரும் வேதனையாக இருக்கிறது. வேறு முயற்சிகள் இல்லாமல் இல்லை. சீனா தன் தியான்வென்-3 பயணத்தை 2028 வாக்கில் ஏவி, 2031 வாக்கில் செவ்வாய் மாதிரிகளைக் கொண்டுவரத் திட்டமிட்டுள்ளது. ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் ஊர்தி, ரஷ்யாவுடனான கூட்டு 2022இல் முறிந்ததால் தாமதமாகி, 2028இல் புறப்பட இருக்கிறது. இரண்டு மீட்டர் ஆழம் வரை துளையிட்டு, கதிர்களால் சிதையாத கரிமப் பொருளை அது தேடும். இரண்டையும் ஆவலோடு எதிர்பார்க்கிறேன். ஆனால் அவை செல்லும் இடங்கள் வேறு. சிறுத்தைப் புள்ளிகள் உள்ள துண்டு பெர்சிவியரன்ஸிடம் மட்டுமே இருக்கிறது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். பூமிக்கு வந்துவிட்டால் மட்டும் தீர்ந்துவிடுமா? 1984இல் அண்டார்டிகாவின் ஆலன் மலைப்பகுதியில் கிடைத்த செவ்வாய் விண்கல்லில் நுண்ணுயிரின் தடயங்கள் இருக்கலாம் என்று 1996இல் டேவிட் மெக்கே குழுவினர் அறிவித்தபோது, அமெரிக்க அதிபர் கிளின்டனே வெளியே வந்து அதைப் பற்றிப் பேசினார். அந்தக் கல் நம் கைகளில்தான் இருந்தது. சிறந்த ஆய்வகங்கள் அனைத்தும் அதைப் பார்த்தன. இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் அந்த விளக்கத்தை ஏற்பதில்லை. மறுப்பு வலுவானதுதான். ஆனால் அந்தக் கல் செவ்வாயின் எந்த இடத்தில், எந்த அடுக்கில் இருந்தது என்று யாருக்கும் தெரியாது. மோதலில் பெயர்ந்து, விண்வெளியில் நெடுங்காலம் அலைந்து, அண்டார்டிகாவின் பனியில் பல்லாயிரம் ஆண்டுகள் கிடந்து, பூமியின் கரிமப் பொருளும் ஊறிய நிலையில் அது கிடைத்தது. சஃபயர் கேன்யன் துண்டுக்கோ எல்லாம் பதிவில் இருக்கிறது: எந்த ஆற்றுப் படுகை, எந்த அடுக்கு, மேலும் கீழும் என்ன பாறை, துளையிட்ட நாள் எது என்பது வரை. பூமியிலிருந்து தொற்றிச் சென்ற மாசு எவ்வளவு என்பதை அறியத் தனிச் சாட்சிக் குழாய்களும் உடன் உள்ளன. இன்றைய கருவிகளோடு நின்றுவிட வேண்டிய அவசியமும் இல்லை: அப்போலோ பயணங்கள் கொண்டுவந்த எரிமலைக் கண்ணாடி மணிகளில் நீர் இருந்ததை 2008இல்தான், அதாவது முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான், கண்டுபிடிக்க முடிந்தது.

துண்டு வந்து சேர்ந்தால் முதலில் என்ன செய்வார்கள் என்பதை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. செவ்வாயின் உயிர் எதுவும் பூமியில் பரவாதபடி முழுவதும் அடைத்த ஆய்வகத்துக்குள் குழாயைத் திறப்பார்கள். துண்டைச் சீவி, ஒரு சிறுத்தைப் புள்ளியின் நடுவில் உள்ள கிரைகைட் துகள்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் உள்ள கந்தகத்தின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் வேறுபடும் கந்தக அணு வகைகளை, அளப்பார்கள். நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டை உட்கொள்ளும்போது கனமான கந்தகம்-34ஐவிட எடை குறைந்த கந்தகம்-32ஐயே அதிகம் தேர்கின்றன. அதனால் அவை விட்டுச்செல்லும் சல்ஃபைடில் இலேசான கந்தகத்தின் பங்கு கூடியிருக்கும். அதே துண்டின் வெள்ளை நரம்புகளில் சல்ஃபேட் இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியது கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளது. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு பெரிதாக இருந்து, விவியனைட்டின் இரும்பிலும் சுற்றியுள்ள கரிமப் பொருளின் கார்பனிலும் அதற்கு இணங்கிய வேறுபாடு தெரிந்தால், வெறும் வேதியியலால் விளக்குவது மிகக் கடினமாகிவிடும். வேறுபாடே இல்லையென்றால், ஏரியும் நீரும் கரிமமும் ஆற்றலும் எல்லாம் வாய்த்தும் உயிர் தோன்றாத ஒரு கரையை முதன்முறையாக அருகில் பார்த்திருப்போம். அதுவும் எனக்குச் சிறிய செய்தி அல்ல.